முறிந்த போல்ட், வழுக்கிய மரை

கேள்வி: என்னுடையது பழைய, சிறிய பெட்ரோல் கார். ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் எல்லாவற்றையும் வீட்டிலேயே நானே மாற்றிவிடுவேன். போன வாரம் தெர்மோஸ்டாட் மாற்றுவதற்காக, இன்ஜின் ஹெட்டில் இருக்கும் அதன் மூடியைக் கழற்றப் போனேன். மொத்தம் இரண்டு போல்ட், 12 நம்பர் ஸ்பேனர். ஒன்று அசையவே இல்லை. ஸ்பேனரில் ஜிஐ பைப் சொருகி இழுத்ததும் தலை மட்டும் தனியே முறிந்து வந்துவிட்டது. மற்றொன்று கரகரவென்று சத்தத்தோடு கழன்றது. அதன் மரைக்குள் வெள்ளையாக ஏதோ அடைத்திருக்கிறது. அதைத் திரும்பப் போட்டால் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூடியைத் தட்டி எடுத்துவிட்டேன். முறிந்த போல்ட் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். நான் ஈஸி-அவுட் செட் ஒன்று வாங்கி முயன்று பார்க்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. ஈஸி-அவுட் வாங்கவும் வேண்டாம், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் சில ரூபாய்ச் சாமான். அது உட்கார்ந்திருக்கும் துளைதான் விலை உயர்ந்தது. போல்ட் முறிந்த கோபத்தில் அடுத்த அரை மணி நேரத்தில் செய்யும் வேலைதான் பெரும்பாலும் துளையைக் கெடுக்கிறது. நீங்கள் அங்கேயே நிறுத்திவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் முன்னால் எல்லா வழிகளும் இன்னும் திறந்தே இருக்கின்றன.

நீங்கள் பார்த்த வெள்ளைப் பொருள் அலுமினிய ஆக்சைடு. ஹெட் அலுமினியம், மூடியும் பெரும்பாலும் அலுமினியம், போல்ட் எஃகு. இந்த இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் கரைவது அலுமினியம். தெர்மோஸ்டாட் பக்கம் கூலன்ட் கசிவு இருக்கும், உங்கள் ஊரில் கடல்காற்றின் உப்பும் சேரும். கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது இன்னும் மோசமாக இருக்கும். ஆக்சைடு, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் மரைக்குள் மட்டுமல்லாமல் மூடியின் துளைக்குள்ளும் போல்ட்டின் உடம்பைச் சுற்றிக் கெட்டியாக இறுகிவிடும். நீங்கள் பைப் சொருகி இழுத்தபோது தலை திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. நடுவில் முறுகி அறுந்துவிட்டது.

இதில் உங்களுக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது. இறுக்கிய போல்ட் என்பது இழுபட்டு நிற்கும் உலோகம். மரையின் பற்கள் அந்த இழுவிசையால் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும். தலை முறிந்ததும் அந்த இழுவிசை போய்விடுகிறது. மூடியும் வெளியே வந்துவிட்டதால் உடம்பின் பாதிப் பிடிப்பும் போயிற்று. மிச்சம் இருப்பது மரைக்குள் இருக்கும் அரிப்பு மட்டும்தான். தலையோடு இருந்தபோது அசையாத போல்ட் இப்போது வைஸ் கிரிப்புக்கே வழிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, அவசரப்படாமல் ஊறவைப்பது. போல்ட் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து வெள்ளைப் பொடியை அகற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்து, போல்ட்டின் முனையில் சிறு சுத்தியலால் நேராகச் சில தட்டுத் தட்டுங்கள். பலமாக அடிக்கத் தேவையில்லை. பொடியில் வெடிப்பு விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கினால் போதும். மாலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை இப்படிச் செய்துவிட்டு மறுநாள் வாருங்கள். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் சம அளவில் கலந்தும் சிலர் பயன்படுத்துகிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அதைப் போட்ட இடத்தில் அன்றைக்கு நெருப்பு வைக்கக்கூடாது.

மறுநாள் வைஸ் கிரிப்பின் வாயைப் போல்ட்டின் அடியில், ஹெட்டை ஒட்டி, கெட்டியாகப் பூட்டுங்கள். உடனே இடப்பக்கம் இழுக்காதீர்கள். முதலில் வலப்பக்கம், அதாவது இறுக்கும் திசையில், மயிரிழை அசைகிறதா என்று பாருங்கள். பிறகு இடப்பக்கம். இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டி, நடுநடுவே எண்ணெய் விட்டு, கால் சுற்று கிடைத்தாலும் அவசரப்படாமல் திரும்ப உள்ளே விட்டு வெளியே எடுங்கள். ஒரே திசையில் இழுத்தால் பொடி திரண்டு மரையிலேயே சிக்கும். உங்கள் இரண்டாவது போல்ட் கரகரவென்று வந்ததே, அது அப்படித்தான் ஹெட்டின் மரையையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

அசையவில்லையென்றால் சூடு. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். அதனால் போல்ட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் துளை கொஞ்சம் தளரும். ஹாட் ஏர் கன் போதும். தண்ணீர்த் துளி பட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவுக்குச் சூடேற்றுங்கள். கேஸ் டார்ச்சை இங்கே நான் ஒப்புக்கொள்வதில்லை. எஃகு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அப்படி நிறம் காட்டாது. சுமார் 660 டிகிரியில் உருகும், இன்ஜினில் போடும் கலப்பு அலுமினியம் அதற்கும் முன்பே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலை தொங்கிவிடும். பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கும் மசியாத போல்ட்டுக்கு, என் அனுபவத்தில் மிகச் சிறந்த வைத்தியம் நட்டு வைத்து வெல்டு அடிப்பது. வண்டியை நகர்த்த முடியாது என்பதால், சிறிய இன்வர்ட்டர் மெஷின் வைத்திருக்கும் வெல்டர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். போல்ட்டின் மேல் ஒரு நட்டை உட்காரவைத்து, அதன் உட்குழியை அடியிலிருந்து நிரப்பி, போல்ட்டும் நட்டும் ஒரே துண்டாகும்படி வெல்டு செய்ய வேண்டும். முலாம் பூசாத கறுப்பு நட்டாக இருக்கட்டும். துத்தநாக முலாம் புகையும், வெல்டும் சரியாகப் பிடிக்காது. வெல்டின் சூடு போல்ட்டின் அடிவரை இறங்கி, ஆறும்போது சுருங்கி, அரிப்பின் பிடியை உடைக்கிறது. கூடவே ஸ்பேனர் போடப் புதிய தலையும் கிடைத்துவிடுகிறது. சிவப்பு அடங்கியபின், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே, முன்பு சொன்னதுபோல் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதல் வெல்டு விட்டுப்போகலாம். விட்டால் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் பிடி தளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதும், இன்ஜின் கம்ப்யூட்டரின் கனெக்டரை எடுத்துவிடுவதும் கட்டாயம். எர்த் கிளாம்ப்பை உடைந்த போல்ட்டுக்கு அருகில், ஹெட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள். பாடியில் எங்கோ மாட்டினால் கரன்ட் பேரிங்குகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

இப்போது ஈஸி-அவுட். முறிந்த போல்ட்டின் நடுவே துளையிட்டு, இடமுறுக்குக் கூம்பு ஒன்றை அதில் அடித்து, இடப்பக்கம் திருப்பி எடுப்பது அதன் வேலை. யோசித்துப் பாருங்கள்: முழு விட்டமுள்ள போல்ட்டே முறிந்துவிட்டது. அதற்குள் நுழையும் கருவி அதைவிட மெல்லியது. போதாக்குறைக்கு, கூம்பு உள்ளே இறங்க இறங்கப் போல்ட்டை வெளிப்பக்கமாக விரித்து மரையில் இன்னும் அழுத்துகிறது. பலம் கொடுத்தால் கருவி உள்ளேயே முறியும். அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண ஹெச்எஸ்எஸ் டிரில் பிட் அதைத் தொடவே தொடாது. பிறகு கார்பைடு பிட், இல்லையென்றால் ஸ்பார்க் ஈரோஷன் மெஷின் உள்ள பட்டறை. அந்த நிலைக்குப் போனால்தான் ஹெட்டை இறக்க வேண்டி வரும். இறுக்கமில்லாமல், சும்மா தலை மட்டும் போன போல்ட்டுக்கு ஈஸி-அவுட் பயன்படும். அரிப்பால் பிடித்த போல்ட்டுக்கு அது ஆகாது.

துளையிட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எல்லாம் மையத்தைப் பொறுத்தது. எஃகைவிட அலுமினியம் மென்மை என்பதால் பிட் கொஞ்சம் நழுவினாலும் அலுமினியத்துக்குள் ஓடிவிடும். அதைத் தடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டை அரத்தால் ஹெட்டோடு சமமாக ராவிவிடுங்கள். தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட் துளையை அளந்து, அதற்குள் பிசிறில்லாமல் உட்காரும் புஷ் ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். அதன் நடுவே 3 மில்லிமீட்டர் துளை. மூடியை அதன் இடத்தில் வைத்து, இடம் பிசகாமல் சி-கிளாம்ப்பால் பிடித்துக்கொண்டு, புஷ்ஷின் வழியாகத் துளையிட்டால் பிட் வேறெங்கும் போக முடியாது. பிறகு புஷ்ஷை எடுத்துவிட்டு 4.5, 6 என்று பெரிதாக்கலாம். மெதுவான வேகம், தாராளமாக எண்ணெய், கண்ணுக்குக் கண்ணாடி. இடப்பக்கம் வெட்டும் டிரில் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பாதித் துளையிலேயே போல்ட் தானாகக் கழன்று வந்துவிடுவதும் உண்டு. ஜப்பானிய வழி வண்டிகளில் 12 நம்பர் தலை என்றால் அது பெரும்பாலும் எம்8, பிட்ச் 1.25. பிட்ச் கேஜ் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். எம்8 என்றால் 6.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். மீதி, சுருள் கம்பி போன்ற மெல்லிய மரை. கூர்முனையால் கிளப்பி இழுத்துவிடலாம்.

அடுத்து, இறுகாமல் சுற்றும் அந்த இரண்டாவது துளை. முதலில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அதன் ஆழத்தை அளந்து, மூடியின் தடிமனைக் கழித்துப் பழைய போல்ட் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் கம்பெனி போட்ட போல்ட் துளையின் முழு ஆழத்துக்கும் போவதில்லை. அடியில் தொடப்படாத மரை மிச்சமிருக்கும். அப்படியிருந்தால் ஐந்து மில்லிமீட்டர் நீளமான போல்ட் போட்டாலே வேலை முடிந்தது. ஆனால் போல்ட் துளையின் அடியில் முட்டக்கூடாது. முட்டினால் மூடி இறுகாது, ஹெட்தான் வெடிக்கும். துளைக்குள் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தாலும் இதே ஆபத்துதான், திரவத்தை அமுக்க முடியாது. காற்றடித்து, துணி விட்டுத் துடைத்துக் காயவைத்துவிடுங்கள்.

மரை முழுவதும் போயிருந்தால் ஹெலிகாயில் இன்ஸர்ட். சாய்சதுர வெட்டுமுகமுள்ள ஸ்டெயின்லெஸ் எஃகுக் கம்பியை ஸ்பிரிங்காகச் சுற்றியது அது. விமானங்களின் அலுமினியப் பாகங்களிலேயே போடுகிறார்கள். சரியாகப் போட்டால் பழைய மரையைவிட உறுதியாக இருக்கும் என்பதால் இதைத் தற்காலிக ஒட்டு என்று நினைக்க வேண்டாம். எம்8-க்கான செட்டில் 8.3 அல்லது 8.4 மில்லிமீட்டர் டிரில் பிட், அதற்கே உரிய மரை வெட்டும் டேப், சொருகும் கருவி எல்லாம் இருக்கும். சாதாரண எம்8 டேப் இதற்கு உதவாது.

இந்த வேலையில் டேப் நேராக இறங்குவது மட்டுமே கஷ்டம். முதல் இரண்டு சுற்றுக்குள் சிறிய மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள், பிறகு திருத்த முடியாது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று சீவலை உடைத்துக்கொண்டே போங்கள். டேப்பும் ஈஸி-அவுட் போலவே முறியும் சாமான். டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது. இன்ஸர்ட்டை மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே இருக்கும்படி சொருகி, அடியில் இருக்கும் வாலை பஞ்ச் வைத்துத் தட்டி உடைத்து, அந்தத் துண்டை மறக்காமல் வெளியே எடுங்கள்.

எம்-சீல் வைத்து அடைப்பது, போல்ட்டில் செம்புக் கம்பி சுற்றித் திணிப்பது, துளையைப் பெரிதாக்கி எம்10 போடுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லப்படும். முதல் இரண்டும் இன்ஜின் சூட்டில் நிற்காது. மூன்றாவது, துளையைச் சுற்றி இருக்கும் சுவரை மெலிதாக்கிவிடும். அடுத்த முறை பழுது பார்க்க அங்கே சதையே இருக்காது.

திரும்ப மாட்டும்போது பழைய போல்ட் வேண்டாம். தலையில் 8.8 என்று பொறித்த புதிய போல்ட் வாங்குங்கள். முதல் எண் இழுவலிமையைச் சொல்கிறது, 800 மெகாபாஸ்கல். இரண்டாவது, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்கிறது. சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸின் டிவிஎஸ் முத்திரை போல்ட்கள் நம் ஊர் ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கின்றன. மரையிலும் மூடித் துளைக்குள் போகும் உடம்பிலும் ஆன்ட்டி-சீஸ் மெலிதாகத் தடவுங்கள். துளை தண்ணீர் அறைக்குள் திறந்திருந்தால் மரைக்கு மட்டும் அதற்குப் பதில் சீலன்ட். எண்ணெய்ப்பசை உள்ள மரை எளிதாகத் திரும்பும். அதே டார்க் கொடுத்தால் போல்ட் அதிகம் இழுபடும். அதனால் கையேட்டில் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டையும் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடக்கூடாது.

பைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 நம்பர் தலை உள்ள எம்6 போல்ட்டுக்கு வேண்டிய டார்க் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். அரை மீட்டர் கம்பியின் நுனியில் நாலு கிலோ விசை கொடுத்தாலே அதன் இரட்டிப்பாகி, போல்ட் முறிந்துவிடும். அந்தச் சிறிய ஸ்பேனரைக் கம்பெனி குட்டையாகச் செய்திருப்பது அதனால்தான். வீல் நட்டுக்கு நீளமான கைப்பிடி சரி. அலுமினியத்தில் இருக்கும் சிறிய போல்ட்டுக்குப் பைப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஆயில் சம்ப்பின் டிரெயின் பிளக் வழுக்குகிறது. சர்வீஸில் டெஃப்லான் டேப் சுற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். இப்போதைக்குச் சொட்டவில்லை. அப்படியே ஓட்டலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: அடுத்த ஆயில் மாற்றும்வரைகூட விடாதீர்கள். டிரெயின் பிளக்கில் ஆயிலை நிறுத்துவது மரை இல்லை, வாஷர். மரையின் வேலை அந்த வாஷரை அழுத்திப் பிடிப்பது. பிடிப்பு போன இடத்தில் டேப் சுற்றினால் கசிவு மறையுமே தவிர, பிளக் கழன்று விழுவதை அது தடுக்காது. ஓடும்போது விழுந்தால் ஆயில் முழுவதும் நிமிடங்களில் போய்விடும். டேப்பின் பிசிறுகள் உள்ளே போனால் ஆயில் பம்ப்பின் சல்லடையில் சிக்கும்.

முதலில் புதிய பிளக்கும் புதிய வாஷரும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். சில நேரம் தேய்ந்தது பிளக்காகவே இருக்கும். புதியதும் வழுக்கினால் சம்ப்பை இறக்கி இன்ஸர்ட் போடச் சொல்லுங்கள். இறக்காமல் அடியிலிருந்து மரை வெட்டினால் சீவல் உள்ளே விழும். பெரிய அளவில் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பிளக்கையும் கடையில் தருவார்கள். தகட்டு சம்ப்பில் ஓரளவு தாங்கும். அலுமினிய சம்ப்பில் கோணலாக ஏறி வெடிப்பு விட்டுவிடும், வேண்டாம். வாஷரை மாற்றாமல், கசியக்கூடாதே என்று ஒவ்வொரு சர்வீஸிலும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கியதுதான் இந்த மரை போனதற்குக் காரணமாக இருக்கும். சில ரூபாய் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டயர் மாற்றும்போது வீல் ஸ்டட் ஒன்றின் மரை போய்விட்டது. நான்கில் மூன்று நட்டோடு ஓட்டுகிறேன். மரையை டை போட்டுச் சரிசெய்யலாமா, இல்லை நட்டை ஸ்டட்டோடு வெல்டு அடித்துவிடலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: வண்டியை இன்றே நிறுத்துங்கள். மூன்று ஸ்டட் நான்கின் சுமையைத் தாங்கினால் அடுத்தது களைப்பில் முறியும். நுனியில் ஓரிரு பல் மட்டும் நசுங்கியிருந்தால் டை விட்டுச் சீராக்கலாம். நடுவில் மரை போயிருந்தால் ஸ்டட்டை மாற்றத்தான் வேண்டும். வெல்டிங்கின் சூடு ஸ்டட்டின் கடினத்தைக் கெடுத்துவிடும். சக்கரம், பிரேக் காலிப்பர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஆகிய இடங்களில் போல்ட்டையோ மரையையோ ஒட்டுப்போட்டு ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நட்டுகளையும் பாருங்கள். மாருதி சுசூகி வண்டிகளில் வீல் ஸ்டட் 12 மில்லிமீட்டர், பிட்ச் 1.25. ஹூண்டாயில் அதே 12, ஆனால் பிட்ச் 1.5. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறி நிற்கும். அங்கே ஏர் கன் வைத்து அமுக்கினால் மரை அப்போதே போய்விடும். பஞ்சர் கடையில் எப்போதும் முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

பழைய ஸ்டட்டைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்து, புதியதை வாஷர் அடுக்கி நட்டால் இழுத்து உட்காரவைக்கலாம். சில வண்டிகளில் அதற்கு ஹப்பைக் கழற்றிப் பிரஸ்ஸில் வைக்க வேண்டியிருக்கும். மூன்று நட்டோடு நெடுந்தூரம் ஓடியிருந்தால் மற்ற மூன்று ஸ்டட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.